விஷெக்ராட் கோட்டைக்கு ஒரு நாள் போதுமா? அம்மாவோடு போகிறேன், வழி சொல்லுங்கள்

பொன்னிக்கரை (ஏப்ரல் 6)

எல்லோருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரம் அம்மாவோடு புடாபெஸ்ட் வருகிறேன். மொத்தம் நாலு நாள். அதில் ஒரு நாளை டான்யூப் வளைவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். விஷெக்ராட் கோட்டையின் படம் ஒன்றைச் சித்தி அனுப்பினார். மலையுச்சியில் கோட்டை, கீழே ஆறு முழங்கையை மடக்கினது போலத் திரும்பிப் போகிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு வேறு எந்த ஊரும் கண்ணில் படவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. நன்றாக நடப்பார். ஆனால் முட்டி வலி, செங்குத்தான ஏற்றம் முடியாது. சுத்த சைவம். சென்டென்ட்ரே, விஷெக்ராட், எஸ்தெர்கோம் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாப் பேருந்து இருக்கிறது. அதில் போய்விடலாமா, இல்லை ரயில் பிடித்து நாங்களே போவது நல்லதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டூனாவாசி (ஏப்ரல் 6)

அந்த மூன்று ஊர்ப் பேருந்து வேண்டாம். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். மேலே கோட்டை வாசலில் இறக்கிவிட்டு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். ஒரு படம் எடுத்தோம், கழிப்பறை வரிசையில் நின்றோம், ஏறினோம். அந்த ஊரில் ஓர் அரண்மனை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது. புடாபெஸ்டில் வேலை கிடைத்து ஆறு வருடமாக இங்கே இருப்பதால்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க முடிந்தது.

ரயிலில் போங்கள். நியுகாட்டி நிலையத்தில் சோப் என்ற ஊருக்குப் போகும் வண்டியில் ஏறி 'நாஜ்மரோஷ்-விஷெக்ராட்' நிலையத்தில் இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள், வாட்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் ஆறு கூடவே வரும்.

நிலையம் இருப்பது நாஜ்மரோஷில், அதாவது ஆற்றின் இந்தக் கரையில். விஷெக்ராட் அக்கரையில். நடுவில் பாலம் கிடையாது. கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு தட்டைப் படகு உண்டு, இங்கே 'கோம்ப்' என்பார்கள். கிளம்பும் நேரத்தை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

இந்த வழியை நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. அந்தக் கோட்டையை முதலில் அக்கரையிலிருந்து பார்க்கணும். மேலே போய் நின்றால் ஆறு தெரியும், கோட்டை தெரியாது. நாஜ்மரோஷ் கரையில் நின்றால் முழு ஏற்பாடும் விளங்கும். உச்சியில் மேல்கோட்டை. அங்கிருந்து மலைச்சரிவில் ஒரு மதில் இறங்கி வருகிறது. பாதி வழியில் தடித்த அறுகோணக் கோபுரம். அதன் பிறகு மதில் ஆற்றங்கரை வரை வந்து நீர்க்காவல் கொத்தளத்தில் முடிகிறது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த பாதையை ஒரு கதவு மாதிரி அடைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவன் யாரானாலும் அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

அம்மாவுக்கு ஏற்றம் வேண்டாம். தேவாலயத்துக்குப் பின்னால் தொடங்கும் சிலுவைப் பாதையில் ஏற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், கல்லும் வேருமாக இருக்கும். ஊரில் வேன் டாக்சி கிடைக்கும், மேல்கோட்டையின் கார் நிறுத்துமிடம் வரை விடுவார்கள். அப்புறமும் உள்ளே படிகள் உண்டு. முதல் முற்றம் வரை போனாலே ஆறு தெரியும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை போகாதீர்கள். கீழே இருக்கும் அரண்மனை அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும்.

கல்தச்சன் (ஏப்ரல் 7)

டூனாவாசி அண்ணா 'கதவு' என்று சொன்னது சரியான சொல். அந்தக் கதவை ஏன் போட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

1241-ல் மங்கோலியர் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. முஹி என்ற இடத்தில் அரசர் நான்காம் பேலாவின் படை அழிந்தது. கிழக்குப் பகுதி முழுக்கப் போய்விட்டது, டான்யூப் ஆறுதான் ஒரே தடுப்பு. அந்தக் குளிர்காலத்தில் ஆறு உறைந்தது. குதிரைகள் பனிக்கட்டி மேலேயே நடந்து இக்கரைக்கு வந்துவிட்டன. 1242-ல் அவர்கள் தாமாகத் திரும்பிப் போனபோது பேலாவுக்கு ஒன்று நன்றாகப் புரிந்திருந்தது. மண்மேடும் மரவேலியும் வைத்திருந்த ஊர்கள் பிழைக்கவில்லை, உயரத்தில் கல்கோட்டை வைத்திருந்தவை பிழைத்தன. நாடெங்கும் கல்கோட்டை கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. விஷெக்ராட் மேல்கோட்டை அந்தக் காலத்தது. அரசி மரியா லாஸ்கரினா தன் நகைகளை விற்றுக் கட்டினார் என்பது அந்த ஊரின் மரபு.

ஹங்கேரி மொழியில் மேல்கோட்டைக்கு 'ஃபெல்லெக்வார்' என்று பெயர். ஃபெல்லெக் என்றால் மேகம், வார் என்றால் கோட்டை. இலையுதிர்காலக் காலையில் போனால் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி கோட்டைக்குக் கீழே நிற்கும். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பொன்னிக்கரை, அம்மாவுக்குக் கதை கேட்கப் பிடிக்குமா? அங்கே நடந்த ஒரு திருட்டுக் கதை உண்டு, நேரில் நடத்தியவரே எழுதி வைத்தது.

பொன்னிக்கரை (ஏப்ரல் 7)

அம்மாவுக்குக் கதை என்றால் போதும், சாப்பாடு கூட வேண்டாம். சொல்லுங்கள்.

கல்தச்சன் (ஏப்ரல் 8)

ஹங்கேரியின் புனித மணிமுடி மேல்கோட்டையில்தான் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த முடியைச் சூட்டாமல் யாரையும் அரசராக ஏற்கமாட்டார்கள். 1439-ல் அரசர் ஆல்பெர்ட் இறந்தார். அரசி எலிசபெத் கர்ப்பமாக இருந்தார். பிரபுக்கள் போலந்து அரசரை அழைக்கத் தயாரானார்கள். பிறக்கப்போவது ஆண் குழந்தை என்று அரசிக்கு நம்பிக்கை. முடி கையில் இல்லாவிட்டால் குழந்தைக்கு நாடு இல்லை.

அரசி தன் பணிப்பெண் ஹெலேனே கொட்டானரிடம் சொன்னார்: போய் எடுத்து வா. 1440 பிப்ரவரி 20 இரவு. கோட்டையில் இருந்த அரசியின் தோழிப் பெண்களை அழைத்துப் போக வந்ததாகச் சொல்லி உள்ளே போனார் கொட்டானர். கூட வந்த ஆள்கள் அரத்தால் பூட்டுகளை அறுத்தார்கள். யாருக்காவது சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து இவர் வெளியே மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்ததும் அரங்களைக் கழிப்பறைக் குழிக்குள் போட்டார்கள். தேவாலயத்தில் இருந்த ஒரு சிவப்பு வெல்வெட் தலையணையைப் பிரித்து, கொஞ்சம் இறகை எடுத்துவிட்டு, முடியை உள்ளே வைத்துத் தைத்தார்கள்.

மறுநாள் பனிச்சறுக்கு வண்டியில் கிளம்பி உறைந்த டான்யூபைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்தது. பெண்கள் வந்த வண்டி ஒன்று கவிழ்ந்தது. தலையணை இருந்த வண்டி தப்பியது. அரசி தங்கியிருந்த கொமாரோமுக்கு வந்து சேர்ந்த சில மணி நேரத்துக்குள் அரசிக்குப் பிரசவம். ஆண் குழந்தை. மே 15-ஆம் தேதி, மூன்று மாதம்கூட நிறையாத அந்தக் குழந்தையின் தலைக்கு மேல் அதே முடியைப் பிடித்தார்கள்.

இதையெல்லாம் கொட்டானரே ஜெர்மன் மொழியில் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். மேல்கோட்டையில் நிற்கும்போது ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். அந்தத் தலையணை போன பாதை கண்ணெதிரே இருக்கும்.

மலைத்தேன் (ஏப்ரல் 9)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒரே ஒரு நாள்தான் என்றால் எஸ்தெர்கோமுக்குப் போவதே சரி. ஹங்கேரியின் முதல் அரசர் ஸ்டீபன் பிறந்த ஊர். நாட்டிலேயே பெரிய தேவாலயம் அங்கே இருக்கிறது. அதற்குள் 1506-ல் தொடங்கிய பாகோட்ஸ் சிற்றாலயம் சிவப்புச் சலவைக்கல்லில் அப்படியே நிற்கிறது. துருக்கியர் காலத்தைத் தாண்டி முழுசாக வந்த மறுமலர்ச்சிக் காலக் கட்டடம் அது. 19-ஆம் நூற்றாண்டில் பெரிய தேவாலயத்தைக் கட்டியபோது அதைத் துண்டு துண்டாகக் கழற்றி நகர்த்தி மறுபடி பொருத்தினார்கள். அரண்மனை எச்சங்களும் பக்கத்திலேயே. மரியா வலேரியா பாலத்தில் நடந்தால் ஸ்லோவாக்கியாவுக்கே போய் வரலாம். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்த்தது, 2001 வரை பாலம் பாதியில் நின்றது.

விஷெக்ராடில் நீங்கள் பார்ப்பதில் எவ்வளவு பழசு? மேல்கோட்டையை 1702-ல் பேரரசர் லியோபோல்டின் ஆணைப்படி வெடிவைத்துத் தகர்த்தார்கள். கீழே அரண்மனை என்கிறீர்கள், அதில் பெரும்பகுதி நம் காலத்தில் கட்டினது. புதுச் சுவர், புதுக் கூரை. பழைய கல்லைப் பார்க்கப் போனவனுக்கு அது ஏமாற்றம்தான்.

டூனாவாசி (ஏப்ரல் 9)

மலைத்தேன், நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்க முடியாது. பாகோட்ஸ் சிற்றாலயத்துக்காகவே நான் மூன்று முறை எஸ்தெர்கோம் போயிருக்கிறேன். ஆனால் விஷெக்ராட் அரண்மனையை அந்தக் கணக்கில் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

சார்லஸ் ராபர்ட் 1323-ல் தலைநகரை இங்கே கொண்டு வந்தார். அடுத்த நூற்றாண்டில் மாத்யாஷ் அரசர் அதே அரண்மனையை இத்தாலியப் பாணியில் மாற்றிக் கட்டினார். ஆல்ப்ஸ் மலைக்கு இப்பால் மறுமலர்ச்சிக் கலை முதலில் வந்து இறங்கிய இடங்களில் இது ஒன்று. 1536-ல் மதகுரு மிக்லோஷ் ஓலா எழுதும்போது முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அறைகள், லிண்டன் மரங்கள் மணக்கும் மேல்தோட்டம், வெற்றி விழா நாள்களில் வெள்ளை ஒயினும் சிவப்பு ஒயினும் வழிந்த நீரூற்று என்றெல்லாம் வர்ணித்தார். பிறகு 1544-ல் துருக்கியர் பிடித்தார்கள். சண்டையில் கட்டடம் சிதைந்தது, மலையிலிருந்து மழைநீர் அடித்து வந்த மண் மூடியது, 18-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் மீதிக் கல்லை எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் அப்படி ஓர் அரண்மனை இருந்தது என்பதே ஓலாவின் மிகைக் கற்பனை என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

1934-ல் கட்டடக் கலைஞர் யானோஷ் ஷூலெக் தோண்டி எடுத்தார். ஓலா எழுதியது பொய்யில்லை என்று மண்ணே சாட்சி சொன்னது.

இப்போது கட்டினது எது, தோண்டியெடுத்தது எது என்று அங்கே ஒளிக்கவே இல்லை. பழைய கல்லும் புதிய கல்லும் வேறு நிறம். கண்ணால் பிரித்துப் பார்க்கலாம். முற்றத்தில் இருக்கும் ஹெர்குலிஸ் நீரூற்று ஒரு பிரதி. மூலத் துண்டுகள் அருங்காட்சியகப் பொறுப்பில் இருக்கின்றன. அந்தப் பிரதியைப் பார்த்த பிறகு அந்தத் துண்டுகளைப் பார்த்தால்தான் உடைந்த ஒரு கை எங்கே இருந்தது என்று தெரிகிறது. அது எனக்குப் பெரிய விஷயம்.

கல்தச்சன் (ஏப்ரல் 10)

1335 நவம்பரை யாரும் இன்னும் சொல்லவில்லையே. ஹங்கேரியின் சார்லஸ், போலந்தின் காசிமிர், பொஹீமியாவின் ஜான் என்று மூன்று அரசர்கள் இங்கே கூடினார்கள். போலந்து அரியணை மீது தனக்கிருந்த உரிமையை ஜான் பணம் வாங்கிக்கொண்டு விட்டுக் கொடுத்தார். வியன்னா வழியாகப் போகிற வணிகர்கள் அங்கே சரக்கை இறக்கி விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அதைத் தவிர்த்து வேறு வழி போட இங்கேதான் பேசினார்கள். விருந்துக் கணக்கையும் வரலாற்றுக் குறிப்பு விட்டுவைக்கவில்லை. பொஹீமிய அரசரின் ஆள்களுக்கு நாளொன்றுக்கு 2500 ரொட்டி, போலந்துக்காரர்களுக்கு 1500, ஒயின் 180 பீப்பாய்.

அதை நினைவில் வைத்துத்தான் 1991 பிப்ரவரி 15 அன்று ஹங்கேரி, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா தலைவர்கள் அதே ஊருக்கு வந்து கையெழுத்திட்டார்கள். செய்தித்தாளில் 'விஷெக்ராட் நாடுகள்' என்று வருவது இந்தச் சின்ன ஊரின் பெயர்தான்.

அந்த மூன்று அரசர்கள் கூடியதற்கு ஐந்து வருடம் முன்பு, 1330 ஏப்ரலில், இதே ஊரில் ஃபெலிசியான் ஸாஹ் என்ற பிரபு சாப்பாட்டு மேசையில் அரச குடும்பத்தின் மேல் வாளோடு பாய்ந்தான். அரசியின் வலக்கையில் நான்கு விரல்கள் போயின. அவனுடைய குடும்பமே அதற்காக வதைக்கப்பட்டது. அவன் மகள் க்ளாராவுக்குச் செய்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். விருந்துக் கதை மட்டும் சொன்னால் ஊர் முழுசாகத் தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பொன்னிக்கரை (ஏப்ரல் 11)

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. பேருந்து யோசனையைக் கைவிட்டுவிட்டேன். எஸ்தெர்கோம் அடுத்த முறைக்கு.

இரண்டு சந்தேகம். அந்த அறுகோணக் கோபுரத்தில் விளாட் என்ற 'கழுவேற்றி' அரசனைச் சிறை வைத்திருந்தார்கள் என்று படித்தேன். உண்மையா? அப்புறம், அம்மாவுக்குச் சாப்பாடு?

டூனாவாசி (ஏப்ரல் 11)

சாப்பாடு முதலில். சைவம் என்றால் லாங்கோஷ் கை கொடுக்கும். பொரித்த பெரிய ரொட்டி, மேலே பூண்டு, புளித்த பாலேடு, துருவின சீஸ். பூண்டு மட்டும் தடவித் தரச் சொன்னால் அம்மாவுக்கு நம் ஊர் ருசிக்குப் பக்கத்தில் இருக்கும். ராந்தோட் ஷொய்த் என்ற பொரித்த சீஸ் பெரும்பாலான உணவகங்களில் உண்டு. சூப் விஷயத்தில் கவனம். பீன்ஸ் சூப் என்று எழுதியிருக்கும், உள்ளே புகையூட்டின பன்றி இறைச்சி கிடக்கும். 'ஹூஷ் நேல்குல்' என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். பாதுகாப்புக்கு ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட நல்ல புல்வெளி இருக்கிறது.

கல்தச்சன் (ஏப்ரல் 12)

விளாடை மாத்யாஷ் அரசர் 1462-ல் கைது செய்தார், பல வருடம் ஹங்கேரியில் வைத்திருந்தார், விஷெக்ராடில் இருந்ததும் உண்டு. இவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். 'இந்த அறைதான்' என்று யாராவது காட்டினால் அது ஊர்க்கதை.

அந்தக் கோபுரத்தின் பெயரே ஒரு ஊர்க்கதைதான். 'சாலமோன் கோபுரம்' என்கிறார்கள். சாலமோன் அரசரை 1080-களில் லாஸ்லோ அரசர் விஷெக்ராடில் சிறை வைத்தது உண்மை. ஆனால் அப்போது இந்தக் கோபுரமே கிடையாது, 13-ஆம் நூற்றாண்டில் கட்டினது. சாலமோன் இருந்தது வடக்கே சிப்ரிக் மேட்டில், ரோமர் விட்டுப்போன பழைய காவற்கோட்டையில். அந்த மேட்டுக்கு யாருமே போவதில்லை. எனக்குப் பிடித்த இடம் அது.

நீரோட்டம் (ஏப்ரல் 14)

தாமதமாக வருகிறேன். ஆற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் படகில் நின்று பார்க்கிற காட்சி இன்றைக்கு அங்கே இருப்பதே ஒரு போராட்டத்தால். 1977-ல் ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் காப்சிகோவோவில் ஒன்று, நாஜ்மரோஷில் ஒன்று என்று இரண்டு அணை கட்ட ஒப்பந்தம் போட்டன. நாஜ்மரோஷ் அணை விஷெக்ராட் கோட்டைக்கு நேர் கீழே வர வேண்டியது. யானோஷ் வார்கா என்ற உயிரியலாளர் முன்நின்று 'டான்யூப் வட்டம்' என்ற குழு உருவானது. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடந்த காலம், வாய் திறப்பதே ஆபத்து. நிலத்தடி நீர் கெடும், வெள்ளச் சமவெளிக் காடு காயும் என்று கையெழுத்து வாங்கினார்கள். 1985-ல் 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் விருது அவர்களுக்குக் கிடைத்தது. 1988-ல் புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தின் முன் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 1989 மே மாதம் அரசு நாஜ்மரோஷ் வேலையை நிறுத்தியது.

அதற்குள் ஆற்றுக்குள் பெரிய தற்காலிக மதில் எழுப்பியிருந்தார்கள். அதைப் பிறகு பெயர்த்து எடுத்தார்கள். வழக்கு உலக நீதிமன்றம் வரை போய் 1997 செப்டம்பரில் இரண்டு பக்கமும் தவறு செய்தது என்று தீர்ப்பு வந்தது. மேலே காப்சிகோவோ அணை மட்டும் ஓடுகிறது. இங்கே ஆறு தன் போக்கில் வளைகிறது.

காவிரிக் கரையில் பிறந்தவன் நான், அணைகளால் பயன் பெற்ற குடும்பம். அணையே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வளைவை மறித்துக் கான்கிரீட் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்றால் வயிற்றைப் பிசைகிறது.

பொன்னிக்கரை (மே 19)

போய் வந்தாச்சு. புதன்கிழமை, லேசான மழை.

நாஜ்மரோஷ் கரையில் இருபது நிமிடம் நின்றோம். படகு அக்கரையில் இருந்தது. டூனாவாசி அண்ணா சொன்ன மதில் இறங்கி வருவதை அம்மா விரலால் வரைந்து பார்த்தார். படகில் இரண்டு காரும் ஒரு சைக்கிள்காரரும் நாங்களும்தான். நடு ஆற்றில் இழுப்பு அதிகம். படகு மூக்கைச் சற்று மேற்கே திருப்பி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. கொள்ளிடத்துப் பரிசல்காரரும் இப்படித்தான் செய்வார் என்றார் அம்மா.

வேனில் மேலே போய் முதல் முற்றத்தோடு நின்றுகொண்டோம். மழை விட்டிருந்தது. கொட்டானர் கதையை அங்கே வைத்துத்தான் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் ஏதாவது குடுத்தாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் அம்மா நெடுநேரம் இருந்தது அரண்மனையில்தான். மேல்தளத்தில் சிங்க நீரூற்று, சிவப்புச் சலவைக்கல். தூண்களைச் சின்னச் சின்னச் சிங்கங்கள் முதுகில் தாங்குகின்றன. ஈரத்தில் கல் குங்குமச் சிவப்பாக இருந்தது. ஒரு சிங்கத்தின் பிடரியில் மழைநீர் சுருள் சுருளாகத் தேங்கியிருந்தது. அம்மா குனிந்து அந்தச் சுருளை விரலால் தொடர்ந்து போனார். காவலர் பெண் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிரதிதானே என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். "இதையும் ஒருத்தன் உளி பிடிச்சுத்தானே செதுக்கினான்" என்றார். மலைத்தேன், உங்கள் வாதத்துக்கு அம்மாவின் பதில் அது.

தயிர்சாதம் ஆற்றங்கரையில் காலியானது. லாங்கோஷ் அம்மாவுக்குப் பிடித்தது, பாதி எனக்குக் கிடைக்கவில்லை.

கல்தச்சன் (மே 20)

அம்மாவின் கேள்விக்கு: கொடுத்தார்கள், உடனே இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து ஐந்தாம் லாஸ்லோ அரசராக ஆட்சிக்கு வந்த பிறகு கொட்டானர் குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது. பன்னிரண்டு வருடம் போல ஆயிற்று.

மலைத்தேன் (மே 20)

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஜூலையில் நானும் விஷெக்ராட் போகிறேன், இந்த முறை பேருந்தில் இல்லை. கல்தச்சன், சிப்ரிக் மேட்டுக்கு ஏறும் பாதை சாலமோன் கோபுரத்தைத் தாண்டியா, அதற்கு முன்னாலேயா?

கல்தச்சன் (மே 21)

தாண்டி. கோபுர வாசலை விட்டுவிட்டு வடக்கே ஆற்றை ஒட்டிப் போங்கள். காலணி நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே அடித்தளக் கற்கள் மட்டும்தான் இருக்கும், புல் மூடியிருக்கும்.